டெல்லிக்கு வசந்தத்தில் ஐந்து நாள்: திங்கட்கிழமையிலிருந்து தொடங்குங்கள்

பொங்கல் முடிந்த கையோடு ஊரிலிருந்து எனக்கு ஃபோன் வரத் தொடங்கிவிடும். "அங்க குளிர் விட்டுடுச்சா? இப்ப வரலாமா?" டெல்லியில் குடியேறி வருடங்கள் ஓடிவிட்டதால் சொந்தத்தில் யார் கிளம்பினாலும் நான்தான் சுற்றுலா அலுவலகம். முதல்முதலில் அத்தையும் மாமாவும் வந்தபோது அவர்களை நேரே செங்கோட்டை வாசலில் கொண்டுபோய் நிறுத்தினேன். கதவு மூடியிருந்தது. சரி, பரவாயில்லை என்று தாமரைக் கோயிலுக்குக் கூட்டிப்போனேன். அதுவும் மூடல். "ஏம்ப்பா, இந்த ஊர்ல திங்கக்கிழமைன்னா எல்லாரும் விரதமா?" என்றார் மாமா.

அன்றிலிருந்து யார் கேட்டாலும் நான் சொல்லும் முதல் விஷயம் இதுதான்: எந்த இடத்தை எந்த நாளில் பார்ப்பது என்று பட்டியல் போடும் முன் உங்கள் பயணத்தில் திங்கட்கிழமை எங்கே விழுகிறது என்று பாருங்கள். செங்கோட்டை, அக்‌ஷர்தாம் கோயில், தாமரைக் கோயில், தேசிய அருங்காட்சியகம், குடியரசுத் தலைவர் மாளிகையின் அம்ரித் உத்யான் தோட்டம், எல்லாவற்றுக்கும் அன்றுதான் விடுமுறை. அதே நாளில் குதுப் மினார், ஹுமாயூன் கல்லறை, லோதி தோட்டம், பங்களா சாஹிப் குருத்வாரா எல்லாம் திறந்திருக்கும். இதை முதலில் பிரித்துக்கொண்டால் பாதித் திட்டம் முடிந்த மாதிரி.

எப்போது வருவது

பிப்ரவரி இரண்டாம் வாரத்திலிருந்து மார்ச் நடுப்பகுதி வரை. இதற்கு முன்னால் வந்தால் மூடுபனி. ஜனவரியில் ரயில்களும் விமானங்களும் மணிக்கணக்கில் தாமதமாவது இங்கே சாதாரணம். குடியரசு தினத்தையொட்டிச் செங்கோட்டைப் பக்கமும் இந்தியா கேட் பக்கமும் கெடுபிடி வேறு. மார்ச் கடைசியில் வெயில் 30 டிகிரியைத் தாண்டிவிடும். ஏப்ரலில் வருகிறேன் என்பவர்களிடம் "அதற்கு வேலூரே போதுமே" என்று சொல்லிவிடுவேன்.

இந்த ஒரு மாதத்தில் ஊரே பூத்துக் கிடக்கும். சாணக்யபுரியின் சாந்தி பாத் சாலையோரத்தில் பிப்ரவரியில் துலிப் பூக்களை வைத்திருப்பார்கள். இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் தாங்காது. அதற்குப் பிறகு செமல் மரங்கள். இலவு காத்த கிளி என்கிறோமே, அந்த இலவ மர இனம்தான். ஓர் இலைகூட இல்லாமல் மொட்டையாக நிற்கும் மரத்தில் உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்புப் பூ, காலையில் நடைபாதை முழுக்க விழுந்து கிடக்கும். காலை வைத்தால் சதைப்பற்றாக வழுக்கும், பார்த்து நடக்கவும்.

தேதி குறிக்கும்போது ஹோலியையும் பார்த்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் மார்ச்சில் வரும். அன்று மதியம் வரை மெட்ரோ ஓடாது, கடைகள் திறக்காது, தெருவில் இறங்கினால் உங்கள் சட்டை உங்களுடையது இல்லை. வண்ணத்தில் நனையவே வருகிறீர்கள் என்றால் தாராளமாக வாருங்கள். இல்லாவிட்டால் அந்த ஒரு நாளைத் தவிருங்கள். இப்போதைக்கு ரம்ஜான் நோன்பு மாதமும் இதே பருவத்தில் வருகிறது. அந்த நாட்களில் ஜும்மா மசூதிப் பக்கம் மாலை நோன்பு திறக்கும் நேரத்தில் போனால் கூட்டமும் சாப்பாடும் ஒரு தனி உலகம்.

டிக்கெட்

இப்போது ரயிலில் 60 நாளுக்கு முன்புதான் முன்பதிவு திறக்கும். 120 நாள் என்பது 2024 நவம்பரோடு போய்விட்டது. சென்னை சென்ட்ரலில் இரவு 10 மணிக்குத் தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் ஏறினால் இரண்டு இரவு கழித்து மூன்றாம் நாள் காலை புது டெல்லி. தென் மாவட்டக்காரர்களுக்குத் திருக்குறள் எக்ஸ்பிரஸ் இருக்கிறது. அது புது டெல்லிக்கு வராது, ஹஜ்ரத் நிஜாமுதீன் நிலையத்தோடு முடிந்துவிடும். அழைக்க வருபவரிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். என்னிடம் ஒருவர் சொல்லாமல் விட்டு, நான் ஒரு நிலையத்திலும் அவர் இன்னொரு நிலையத்திலும் ஒன்றரை மணி நேரம் நின்றோம்.

புது டெல்லி நிலையத்துக்கு இரண்டு வாசல். பஹாட்கஞ்ச் பக்கம் ஒன்று, அஜ்மேரி கேட் பக்கம் ஒன்று. மெட்ரோ அஜ்மேரி கேட் பக்கம் இருக்கிறது. வெளியே வந்ததும் யாராவது சினேகமாகப் பேச்சுக் கொடுத்து, நீங்கள் பதிவு செய்த ஹோட்டலை மூடிவிட்டார்கள், டிக்கெட் ரத்தாகிவிட்டது, அரசு சுற்றுலா அலுவலகம் பக்கத்தில்தான் இருக்கிறது என்றெல்லாம் சொல்வார். பதில் சொல்லாமல் நடையைக் கட்டுங்கள். சண்டை போடவும் வேண்டாம், விளக்கம் கேட்கவும் வேண்டாம்.

விமானத்தில் வருபவர்கள் எந்த முனையம் என்று டிக்கெட்டில் பாருங்கள். மூன்றாம் முனையத்திலிருந்து விமான நிலைய மெட்ரோவில் ஏறினால் இருபது நிமிடத்தில் புது டெல்லி நிலையம். முதல் முனையம் தள்ளி இருக்கிறது. அங்கே மெஜந்தா பாதை என்ற வேறொரு மெட்ரோ.

எங்கே தங்குவது

அறை எவ்வளவு அழகு என்பதைவிட மெட்ரோ எவ்வளவு பக்கம் என்று பாருங்கள். மஞ்சள் பாதையிலோ நீலப் பாதையிலோ நடந்துபோகும் தூரத்தில் அறை கிடைத்தால் ஐந்து நாளும் நிம்மதி. கரோல் பாக் நீலப் பாதையில் இருக்கிறது. பழைய தமிழ்க் குடும்பங்கள் வாழ்ந்த பகுதி, இட்லி தோசைக்கு அலைய வேண்டாம், எல்லா விலையிலும் அறை உண்டு. பஹாட்கஞ்ச் மலிவு, குடும்பத்தோடு வந்தால் நான் பரிந்துரைக்க மாட்டேன், இரைச்சல் அதிகம். கையில் காசு இருந்தால் கன்னாட் பிளேஸ். முன்பதிவு செய்யும்போது வெந்நீர் 24 மணி நேரமும் வருமா என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பிப்ரவரி காலையில் பச்சைத் தண்ணீரில் குளித்துவிட்டுக் கோட்டை பார்க்கிற தெம்பு யாருக்கும் இருக்காது.

பெட்டியில் என்ன வைப்பது

அதிகாலையில் 10, 12 டிகிரி, மதியம் 25. அதனால் கனமான ஒரே கோட்டு வீண். முழுக்கைச் சட்டை, மேலே ஒரு ஸ்வெட்டர், கழுத்துக்கு ஒரு சால்வை. பதினோரு மணிக்கு ஒவ்வொன்றாகக் கழற்றிப் பையில் திணிக்க வேண்டியிருக்கும், ஆகவே முதுகுப்பையில் கொஞ்சம் இடம் விடுங்கள். காற்று வறண்டது. உதடு வெடிக்கும், குதிகால் வெடிக்கும். தேங்காய் எண்ணெய் இருக்கிறதே என்று அத்தை நீலப் புட்டியைக் கவிழ்த்துப் பார்த்தார், ஒரு சொட்டு விழவில்லை. மெழுகு மாதிரி உறைந்திருந்தது. வாய் குறுகலான புட்டி. ஈர்க்குச்சி விட்டு நோண்டிப் பார்த்துவிட்டு, கடைசியில் மொட்டை மாடி வெயிலில் வைத்து உட்கார்ந்திருந்தார். வாய் அகன்ற டப்பாவில் கொண்டுவாருங்கள்.

அப்புறம், ஆளுக்கு ஓர் அசல் அடையாள அட்டை. அம்ரித் உத்யானுக்கும் கேட்பார்கள், ஹோட்டலிலும் கேட்பார்கள்.

ஊருக்குள் எப்படிப் போவது

மெட்ரோதான். ஸ்மார்ட் கார்டு வாங்கிக்கொண்டால் ஒவ்வொரு பயணத்திலும் 10 சதவீதம் குறையும், வரிசையும் மிச்சம். செல்பேசியில் கியூஆர் டிக்கெட்டும் எடுக்கலாம். ரயிலின் முதல் பெட்டி பெண்களுக்கு. தெரியாமல் ஏறிவிட்ட ஆண்களை அங்கிருக்கும் பெண்களே பார்வையால் இறக்கிவிடுவார்கள். பைகளை எந்திரத்தில் போட்டு எடுக்கும் வரிசை காலை 9 முதல் 10 வரையிலும் மாலை 6 முதல் 8 வரையிலும் நீளமாக இருக்கும். ராஜீவ் சௌக் நிலையத்தில் மஞ்சளும் நீலமும் சந்திக்கின்றன. அந்த நேரத்தில் அங்கே மாறுவதென்றால் திருவிழாத் தேர் வடம் பிடிக்கிற கூட்டம். குழந்தைகளின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

மஞ்சள் பாதை சாந்தினி சௌக், புது டெல்லி, மத்தியச் செயலகம், ஐஎன்ஏ, குதுப் மினார் என்று வடக்கிலிருந்து தெற்காக இறங்குகிறது. ஊதா பாதையில் செங்கோட்டை, ஜும்மா மசூதி, கான் மார்க்கெட், ஜவாஹர்லால் நேரு ஸ்டேடியம், தாமரைக் கோயிலுக்குப் பக்கத்திலுள்ள கால்காஜி மந்திர். அக்‌ஷர்தாமுக்கு நீலம். ஒரு நாளில் ஒரு பாதையைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டாலே கால் வலி பாதியாகும்.

மெட்ரோ நிலையத்திலிருந்து இறுதி ஒன்றிரண்டு கிலோமீட்டருக்கு ஆட்டோ. மீட்டர் போடச் சொல்லிக் காத்திருக்காதீர்கள்; செயலியில் பதிவு செய்யுங்கள், இல்லாவிட்டால் ஏறும் முன்பே தொகையைப் பேசுங்கள். இந்தி தெரியாதே என்று தயங்க வேண்டாம். "பையா" (அண்ணா), "கித்னா" (எவ்வளவு), "பஸ்" (போதும்) மூன்றும் ஐந்து நாளுக்குப் போதும். வலப்பக்கத்துக்கு "தாயே" என்பார்கள். ஆட்டோக்காரர் திடீரென்று உங்களைத் தாயே என்று விளித்தால் பக்தி என்று நினைத்துவிடாதீர்கள், வலது பக்கமா என்று கேட்கிறார்.

ஐந்து நாள், ஒரு மாதிரித் திட்டம்

புதன் இரவு சென்னையில் ரயில் ஏறி வெள்ளி காலை வந்து சேர்வதாக வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு இரண்டு பெரிய இடம், மாலைக்கு ஓர் எளிய இடம். அதற்கு மேல் எழுதினால் தாளில்தான் நிற்கும்.

வெள்ளிக்கிழமை மதியம் வரை தூங்குங்கள். மூன்று மணிக்குமேல் கன்னாட் பிளேஸ் பக்கம் அக்ரசேன் கி பாவ்லிக்குப் போகலாம். அலுவலகக் கட்டடங்களுக்கு நடுவே படிப்படியாகக் கீழே இறங்கும் பழைய படிக்கிணறு. அங்கிருந்து பங்களா சாஹிப் குருத்வாரா. செருப்பைக் கொடுத்து, தலையை மூடிக்கொண்டு உள்ளே போக வேண்டும். துணி அங்கேயே தருவார்கள். குளத்தைச் சுற்றி உட்கார்ந்துவிட்டு, லங்கர் என்ற பொதுச் சாப்பாட்டுக் கூடத்தில் வரிசையாகத் தரையில் அமர்ந்து ரொட்டியும் பருப்பும் சாப்பிடலாம். யாருக்கும் காசு கிடையாது. ரொட்டியை இரண்டு கைகளையும் ஏந்தி வாங்குவது அங்கே மரியாதை.

சனிக்கிழமை பழைய டெல்லி. ஞாயிறுக்குத் தள்ளாதீர்கள், சாந்தினி சௌக் கடைகள் பெரும்பாலும் அன்று மூடியிருக்கும். காலை ஒன்பதரைக்குள் செங்கோட்டை. ஷாஜகான் கட்டி 1648ல் முடித்தது. லாஹோரி வாசல் வழியாக நுழைந்ததும் வரும் சத்தா சௌக் கடைத்தெருவில் நின்று பேரம் பேசாமல் நேரே உள்ளே போய்விட்டு, திரும்பி வரும்போது பார்த்துக்கொள்ளலாம். தொல்லியல் துறையின் பெரிய சின்னங்களுக்கு இந்தியர்களுக்கான நுழைவுக் கட்டணம் 40 ரூபாய் அளவில்தான். இணையத்தில் எடுத்தால் கொஞ்சம் குறைவு, வரிசையும் இல்லை. 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு இலவசம்.

கோட்டையிலிருந்து எதிரே சாந்தினி சௌக். பகலில் மோட்டார் வண்டிகளை விடுவதில்லை, நடக்கலாம், சைக்கிள் ரிக்‌ஷாவில் போகலாம். இங்கே ஒரு பண்டத்துக்காகவே பிப்ரவரியில் வரச் சொல்வேன்: தௌலத் கி சாட். பெயரில் சாட் இருந்தாலும் காரம் கிடையாது. பாலைக் கடைந்து கடைந்து நுரையை மட்டும் வழித்தெடுத்து இரவுக் குளிரில் வைத்துச் செய்வது. தெருவோரத்தில் மூங்கில் முக்காலியின்மேல் பெரிய தட்டு, அதன்மேல் வெள்ளைத் துணி. துணியை ஓரமாக விலக்கி, குங்குமப்பூ நிறத்தில் நடுங்கிக்கொண்டிருக்கும் நுரையைக் கரண்டியால் வாரித் தொன்னையில் வைத்து, மேலே கோவாவும் பொடித்த சர்க்கரையும் தூவித் தருவார்கள். வாயில் வைத்தால் கடிக்க ஒன்றும் இருக்காது. பால் மணம் மட்டும் மிஞ்சும். வெயில் ஏற ஏற நுரை அமுங்கிவிடும், எனவே மதியத்துக்கு முன்பே வாங்கிவிடுங்கள். குளிர் போனதும் இந்தத் தட்டுகளும் தெருவிலிருந்து காணாமல் போய்விடும். ஒன்று வாங்கி இருவர் பகிர்ந்துகொள்வோம் என்று தொடங்கி, ஆளுக்கு இரண்டு சாப்பிட்டோம்.

பிற்பகலில் ஜும்மா மசூதி. தொழுகை நேரத்தில் பார்வையாளர்களை விடமாட்டார்கள், வெள்ளி மதியம் போகவே வேண்டாம். தோளும் முழங்காலும் மூடிய உடை அவசியம்.

ஞாயிறு காலை மஞ்சள் பாதையில் தெற்கே குதுப் மினார். 72.5 மீட்டர் உயரம். உள்ளே 379 படிகள் உண்டு, ஏற விடுவதில்லை. 1981ல் படிக்கட்டில் நடந்த நெரிசலில் 45 பேர் இறந்த பிறகு மூடிவிட்டார்கள். முற்றத்தில் நிற்கும் இரும்புத் தூண் ஏறத்தாழ 1,600 ஆண்டு பழையது, குப்தர் காலத்தது. துருவேறாமல் இருப்பதற்கு இரும்பில் கலந்திருக்கும் பாஸ்பரஸ் முக்கியக் காரணம் என்று கண்டிருக்கிறார்கள். முதுகைச் சாய்த்துக் கைகளைப் பின்னால் கட்டித் தூணைச் சுற்றிவிட்டால் நினைத்தது நடக்கும் என்று முன்பு ஒரு நம்பிக்கை. இப்போது சுற்றி வேலி போட்டுவிட்டார்கள். பக்கத்திலேயே மெஹ்ரௌலி தொல்லியல் பூங்கா, இலவசம், கூட்டம் குறைவு. பெரியவர்கள் கூட வந்திருந்தால் மாலையில் ராமகிருஷ்ணபுரம் மலை மந்திருக்கு அழைத்துப்போங்கள். சின்னக் குன்றின்மேல் சுவாமிநாத சுவாமி. படியேறி நின்றதும் தமிழில் பேச்சுக்குரல் கேட்கும், அதற்காகவே அத்தைக்கு அந்த இடம் பிடித்துவிட்டது. இளையவர்கள் ஐஎன்ஏ நிலையத்தில் இறங்கி டில்லி ஹாட் கைவினைச் சந்தை.

திங்கள். வந்துவிட்டது. ஹுமாயூன் கல்லறையில் தொடங்குங்கள். இறந்த மன்னனுக்காக அவர் மனைவி பேகா பேகம் எழுப்பியது, தாஜ்மகாலுக்கு ஏறக்குறைய எழுபது ஆண்டு மூத்தது. 1857ல் கடைசி முகலாய மன்னர் பகதூர் ஷா ஜஃபர் பிரிட்டிஷாரிடம் சரணடைந்ததும் இங்கேதான். நுழைந்தவுடன் வலப்புறம் ஈசா கான் கல்லறை, 1547. பெரும்பாலோர் பெரிய குவிமாடத்தைப் பார்த்ததும் அதைத் தாண்டி ஓடிவிடுகிறார்கள். நீங்கள் முதலில் அதற்குள் போங்கள். அடுத்த வாசலில் சுந்தர் நர்சரி. 90 ஏக்கர்ப் பூங்கா, பிப்ரவரிப் பூக்களுக்கு இதைவிட அமைதியான இடம் எனக்குத் தெரியாது. பாய் ஒன்று, வீட்டிலிருந்தோ கடையிலிருந்தோ புளிசாதம் ஒரு பொட்டலம், மூன்று மணி நேரம். மாலை லோதி தோட்டம், கட்டணம் இல்லை. உள்ளே இருக்கும் கல்லறைகளில் ஒன்று 1444ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அதன் சுவரில் சாய்ந்து பள்ளிப் பிள்ளைகள் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பார்கள்.

செவ்வாய், கடைசி நாள், அம்ரித் உத்யான். முன்பு முகலாயத் தோட்டம் என்று சொல்வோமே, 2023 ஜனவரியில் பெயர் மாற்றிய அதே தோட்டம். சமீப ஆண்டுகளில் பிப்ரவரித் தொடக்கத்திலிருந்து மார்ச் இறுதி வரை திறந்துவிடுகிறார்கள். கட்டணம் கிடையாது, குடியரசுத் தலைவர் மாளிகையின் இணையதளத்தில் நேரம் குறித்துப் பதிவு செய்ய வேண்டும். சனி ஞாயிறு இடங்கள் சீக்கிரம் தீர்ந்துவிடும், அதனால்தான் செவ்வாயில் வைத்தேன். மத்தியச் செயலகம் மெட்ரோவில் இறங்கினால் 35ஆம் எண் வாசலுக்கு இலவசப் பேருந்து. செல்பேசி, பர்ஸ், தண்ணீர் பாட்டில், குழந்தையின் பால் புட்டி தவிர எதையும் கொண்டுபோகாதீர்கள். காலை முதல் நேரம் கிடைத்தால் எடுத்துக்கொள்ளுங்கள். பனித்துளி காயாத ரோஜாவுக்கும் மூன்று மணி ரோஜாவுக்கும் வித்தியாசம் நிறைய.

அங்கிருந்து தேசிய அருங்காட்சியகம் பக்கம்தான். நேரமில்லாவிட்டால் இரண்டை மட்டும் பாருங்கள்: மொஹஞ்சதாரோ நடன மங்கை, சோழர் வெண்கலங்கள். நடன மங்கை 10.5 செண்டிமீட்டர்தான், பாடப்புத்தகப் படத்தை நம்பிப் பெரிய சிலையைத் தேடினால் தாண்டிப் போய்விடுவீர்கள். வெயில் தாழ்ந்ததும் தேசியப் போர் நினைவகம், இந்தியா கேட், பிறகு இரவு ரயில்.

அக்‌ஷர்தாம் எங்கே என்று கேட்பீர்கள். அதற்கு நான்கு மணி நேரமாவது வேண்டும், செல்பேசியைக்கூட வெளியே கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். போயே ஆக வேண்டுமென்றால் ஞாயிறு மாலைத் திட்டத்தை அடித்துவிட்டு அங்கே வையுங்கள். ஆக்ராவுக்கும் இதே பதில்: ஐந்து நாளுக்குள் திணிக்காமல் ஆறாவது நாளாகச் சேருங்கள். நிஜாமுதீனில் காலை எட்டு மணி சுமாருக்குப் புறப்படும் கதிமான் எக்ஸ்பிரஸ் நூறு நிமிடத்தில் கொண்டுபோய் விடும். தாஜ்மகாலுக்கு விடுமுறை வெள்ளிக்கிழமை. கதிமானும் அன்று ஓடாது.

போன மாதம் மாமா மறுபடி பேசினார். இந்த முறை தம்பி குடும்பத்தோடு வருகிறார்களாம். தேதி சொல்லும் முன்பே, "திங்கக்கிழமைக்கு ஹுமாயூனு, சரிதானே?" என்றார்.